டிரெய்லருக்கு ஒரு தட்டு

“ஒரு பலகையைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரமா?” கார் ஷெட் வாசலில் நின்று மார்லிஸ் கத்தினாள்.

சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துப்போக அவள் கணவன் ஆர்லன் செய்த டிரெய்லர், அடித்தட்டு இல்லாமல் வெறும் சட்டமாக நின்றது.

“பிளைவுட் மழையில ஊதிடும். இரும்புத் தகடு போட்டா பெடல் மிதிக்க முடியாது, மார்லிஸ்.”

“அதோ, தார்ப்பாய்க்குக் கீழ பிளாஸ்டிக் அட்டை அடுக்கி வெச்சிருக்கியே!”

“அது வேண்டாம். வளைஞ்சிடும்.”

“ரெண்டு மூணா சேர்த்துப் போடு. கனமில்ல, தண்ணி இறங்காது, கட்டுகூடப் பிரிக்காம புத்தம்புதுசா இருக்கு. எல்லாத்துக்கும் ஒரு நொட்டை!”

அவன் தடுப்பதற்குள் ஒன்றை உருவித் திருப்பினாள்.

‘நகரசபைக்கு மார்லிஸ்’ என்ற எழுத்துக்குக் கீழே அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம்தான் அந்தத் தேர்தலில் பதினோரு ஓட்டில் தோற்றிருந்தாள்.

“என் விளம்பர அட்டையெல்லாம் ஊர்ல ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நட்டுட்டேன்னு சொன்னியே, பாவி!”

“நீ ஜெயிச்சிட்டா… வீடு தங்கமாட்டியேன்னு…”

மார்லிஸ் அட்டையைச் சட்டத்தின் மேல் ஓங்கி எறிந்தாள்.

“இதையே போடு. சாயங்காலத்துக்குள்ள முடி. உன் துணிமணியெல்லாம் ஏத்தணும்.”