மடங்காத காலும் வராத காரும்

மடங்காத காலைக் காருக்குள் எப்படி அடக்குவது என்று எலக்ட்ரீஷியனுக்குப் பிடிபடவில்லை. அடிபட்டதிலிருந்து ஆறடி உயர மாமனாரின் வலது முழங்கால் மடங்குவதில்லை. வெளியே போவதையே விட்டுவிட்டார். விற்பனைக்கு வந்துவிட்ட கார்கள் இரண்டிலும் முன்சீட்டு இடித்தது. அடுத்த மாதம் வரவிருக்கும் பெரிய கார் அதே விலைதான், ஆனால் அகலம் அதிகம். அதில் ஏற மாலை வெயில் விழும் வீட்டுக் கூடத்திலேயே ஒத்திகை: பெஞ்சுதான் பின்சீட்டு, நாற்காலிகள் முன்சீட்டு, சுவர் இடது கதவு. வலது கதவுக்குத் தரையில் சாக்பீஸ் கோடுகள்: வந்துவிட்ட கார்களுக்கு மஞ்சள், வரப்போகும் புதியதற்கு வெள்ளை.

“வராத கார்ல எங்க மாப்பிள்ளை கூட்டிட்டுப் போறீங்க?”

“உங்க பெரிய மக வீட்டுக்குத்தான் மாமா. பேரனைப் பாக்க வேணாமா?”

“ஹாரனையே காணோம்!”

“பாம், பாம்!” என்கிறாள் சமையலறையிலிருந்து எலக்ட்ரீஷியனின் மனைவி.

காலை முதலில் நுழைத்தால் இதிலும் நாற்காலி இடிக்கிறது. அலுத்துப்போன மாமனார் திரும்பி, பெஞ்சின் நுனியில் தொப்பென்று உட்கார்ந்து, சுவரில் முதுகு சாயும்வரை பின்னால் நகர்கிறார். கால் தானாகப் பெஞ்சின்மேல் நீள்கிறது. குதிகால் மஞ்சள் கோட்டைத் தாண்டி, வெள்ளைக்கு உள்ளேயே நிற்கிறது.

வலது கதவு வழியாக முதுகை முதலில் விட்டு, இடது ஓரம்வரை நகர்ந்து, காலைக் கடைசியில் சீட்டின்மேல் நீட்டினால், புதிய காரில் கதவு மூடும்.