அசல் கறுப்பு

"இதைப் பாரும்மா, இதைப் பாரு! கண்ணை மூடித் திற, இப்போ பாரு!"

லக்ஷ்மம்மா கண்ணை மூடவில்லை. தோளில் நழுவிய பையை ஏற்றிக்கொண்டு, மகன் காட்டிய டிவியைப் பார்த்தாள். ஒரு கறுப்பு வானம். அதில் நாலைந்து நட்சத்திரம். வேறு ஒன்றும் இல்லை.

தேவராஜ மொஹல்லா கடைவீதியின் அந்த டிவிக் கடைக்குள் நுழைந்ததிலிருந்து யதுநந்தனின் கால் தரையில் பாவவில்லை. நாலு மாதமாக காலேஜ் பஸ்ஸில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், பாத்ரூமில், எங்கேயும் அவன் பார்த்ததெல்லாம் எந்த டிவி நல்ல டிவி என்று சொல்லும் வீடியோக்கள்தான். டிவியே பார்க்காமல் டிவியைப் பற்றியே பார்த்தான்.

முடிவு ஒன்றுதான். ஓலெட்.

அப்பா, "அம்மா எதைச் சொல்றாளோ அதை வாங்கிண்டு வாங்கோ" என்று கழன்றுகொண்டார். ஆக, யதுவுக்கும் ஓலெட்டுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அம்மாவின் ஒரே ஒரு தலையசைப்பு.

"மத்த டிவியில பின்னாடி எப்பவும் ஒரு லைட் எரிஞ்சிண்டே இருக்கும்மா. அதுல கறுப்புன்னு காட்டறதெல்லாம் சாம்பல். இதுல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அசல் கறுப்பு!"

"கறுப்பு பாக்கறதுக்கு எதுக்குடா புது டிவி? ஆத்துல இருக்கறதை அணைச்சு வச்சாலே கறுப்பாத்தானே இருக்கு?"

பக்கத்தில் நின்ற விற்பனையாளர் சேகரன் பக்கென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு யதுவுக்குப் பிடிக்கவில்லை. சுவர் முழுக்க ஓலெட்டுக்குப் போட்டியான க்யூலெட் டிவிகளாக அடுக்கி வைத்திருக்கும் மனுஷனின் சிரிப்பு அது.

தமிழ்க் குடும்பம் என்று தெரிந்ததும் சேகரன் கன்னடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் சொந்த ஊரான கௌதள்ளியின் தமிழுக்கு இறங்கினார். "அம்மா கேட்டதுதானுங்க கேள்வி. இங்க வந்து இதைப் பாருங்க."

க்யூலெட்டில் ஒரு கிளி வந்து உட்கார்ந்தது. கடையே பச்சையாகிவிட்டது. லக்ஷ்மம்மாவின் மூக்குத்தி கூடப் பச்சையாக மின்னியது.

"அடே, நன்னாருக்கே!"

யது குறுக்கே பாய்ந்தான். "அது பஞ்சுமிட்டாய் கலர்ம்மா! கிளி எங்கேயாவது அப்படி இருக்குமா?"

"கிளி பச்சையா இல்லாம வேற எப்படிடா இருக்கும்?"

"ஹால்ல வெயில் வருங்களாம்மா?" என்றார் சேகரன். "வெயில்ல ஓலெட் கொஞ்சம் மங்கலுங்க."

"கிழக்கு பார்த்த ஆத்து ஹால். காலம்பற கண்ணைக் கூசும்."

"கர்ட்டன்!" யது கத்தியே விட்டான். "நானே தைச்சு மாட்டறேன்மா!"

சட்டைப் பொத்தான் கூடத் தைத்தறியாதவன். லக்ஷ்மம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் அவள் உதட்டோரம் லேசாக இளகியது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும். யதுவுக்குப் பறக்கலாம் போல இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் பயம். ஓலெட்டுக்கு ஒரு வியாதி உண்டு. எல்லா வீடியோவிலும் அந்த இடம் வந்ததும் அவன் தள்ளிவிட்டுப் போய்விடுவான். அம்மாவிடம் அதைச் சொல்லவே இல்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும்?

"வீட்டுல டிவியில என்னங்கம்மா அதிகமா ஓடும்?"

கேட்டுவிட்டார்.

"சினிமா, சார்! எப்பப் பாத்தாலும் சினிமாதான்!"

"பொய் சொல்லாதேடா. காலம்பற எழுந்ததும் பக்தி சேனல்ல பெருமாளைப் போட்டுடுவேன். மத்தியானம் வரைக்கும் அவர்தான். அவர் பாட்டுக்கு நின்னுண்டிருப்பார், நான் அடுப்படியில தளிகை பண்ணிண்டே சேவிச்சுப்பேன்."

சேகரன் கெட்ட சேதி சொல்லும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"அப்ப ஓலெட் ஆகவே ஆகாதுங்கம்மா. ஒரே படம் தினம் தினம் அசையாம நின்னா அது திரையிலேயே பதிஞ்சிருங்க. பெருமாள் அங்கயே தங்கிருவாரு. நீங்க எந்த சேனல் மாத்தினாலும் பின்னாடி நிழலாட்டம் நிப்பாரு. தொடைச்சாலும் போகாது, கம்பெனி ஆளே வந்தாலும் போகாது. அதுக்கு வாரண்டியும் கிடையாதுங்க."



முடிந்தது. யது தரையைப் பார்த்தான். நாலு மாதம், அத்தனை வீடியோ, எல்லாம் போச்சு. சரி, அந்தக் கிளியும் அப்படியொன்றும் மோசமில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கினான்.

லக்ஷ்மம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். கறுப்பு வானத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"நெஜமாவே போமாட்டாரா?"

"போகமாட்டாருங்க."

"இவன் அப்பா ஓயாம நியூஸ் போடுவாரே, அப்போ?"

"அப்பவும் நிப்பாருங்க."

"இவன் ராத்திரி பகல் இல்லாம டப்பு டப்புன்னு சுட்டு விளையாடறானே, அப்போ?"

"அதுக்குப் பின்னாடியும் நிப்பாருங்கம்மா. அதைத்தானே சொல்றேன்!"

லக்ஷ்மம்மா அந்த வெறும் கறுப்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இதையே குடுத்துடுங்கோ."

யது எம்பிக் குதித்தான். பாதிக் குதியில்தான் உறைத்தது. இனி அவன் யாரைக் குறி பார்த்தாலும் நடுவில் பெருமாள் நிற்பார். அதனால் என்ன? ஓலெட்! கீழே இறங்கி இன்னொரு தரம் குதித்தான்.

சேகரன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். "அம்மா, நான் சொன்னது அதோட குறைங்க..."

"புரியறது, புரியறது." லக்ஷ்மம்மா அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் காட்டினாள். "வாயால சொன்னா ஆகாது. போமாட்டார்னு பில்லிலேயே எழுதிக் குடுங்கோ."