ஒத்திகை மணி

மணி நிற்கவில்லை.

பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பனியில், வெறும் காலுறைகளோடு. ஆசிரியைகள் தலைகளை எண்ணினார்கள்.

இரண்டு பேரைக் காணவில்லை.

முதலாம் வகுப்பு சிக்னே. நான்காம் வகுப்பு கஜந்தினி.

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி முற்றத்துக்கு வந்த மொழிபெயர்ப்புக்காரி இரண்டாவது பெயரைக் கேட்டாள்.

கஜந்தினி இலங்கையின் வன்னியிலிருந்து வந்து மூன்று வாரம். நோர்வேயின் வடக்கே இந்த மீன்பிடி ஊரில் அந்தப் பிள்ளைக்கு வாயும் காதும் அவள்தான். பாதி நாள் மீன் தொழிற்சாலை. பாதி நாள் பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்ப்பு.

நேற்று அதிபர் சொல்லியிருந்தார். நாளைக்கு நெருப்பு ஒத்திகை, மணி அடிக்கும், எல்லாரோடும் வெளியே வர வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று புதுப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு. காலையில் சொல்லலாம் என்று ஓடினாள்.

காலையில் பஸ் பிந்தியது.

இப்போது அவள் கட்டடத்துக்குள் ஓடினாள். யாரோ கையைப் பிடித்துத் தடுத்தார்கள். உதறிக்கொண்டு ஓடினாள்.

வகுப்பறை. கழிப்பறை. நூலகம்.

"கஜந்தினி!"

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஜக்கெட்டுகள் மாட்டும் அறையில், உட்காரும் நீள வாங்குக்குக் கீழே, பிள்ளைகளின் நான்கு கால்கள் தெரிந்தன.

கஜந்தினி குப்புறக் கிடந்தாள். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், வாயைத் திறந்தபடி. அந்த உடம்புக்கு அடியில் சிக்னே அழுது திமிறிக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, படுங்கோ! படுங்கோ!"

அவள் படுத்தாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. ஈரச் சப்பாத்துகளுக்கு நடுவே கன்னத்தை நிலத்தில் வைத்து, இது வெறும் மணி குஞ்சு, வெறும் மணி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மணி நிற்கும்வரை.

அதிபரின் அறைக்குச் சிக்னேயின் தாய் வந்தார். மகளின் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"ஏன் இப்படிச் செய்தாள் என்று கேளுங்கள்" என்றார் அதிபர்.

கேட்பதற்கு முன் அவள் தன்னுடையதைச் சொன்னாள். நேற்றே என்னிடம் சொன்னீர்கள். நான் பிள்ளைக்குச் சொல்லவில்லை. பிழை என்னுடையது.

எல்லாம் சின்னச் சின்ன நோர்வேஜியச் சொற்கள்.

பிறகு கேட்டாள்.

கஜந்தினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இவ விறாந்தையில தனிய நிண்டவ, அன்ரி. தங்கச்சியும் அப்பிடித்தான் நிண்டவ. அண்டைக்கு ஷெல் அடிக்கேக்கையும் நான் கையப் பிடிச்சனான். வழுக்கிப் போட்டுது. அதான் இவவ இறுக்கிப் பிடிச்சனான்."

தங்கச்சி.

கஜந்தினியின் வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் படிவத்தை நிரப்பியவள் அவள்தான். சகோதரர்கள் என்ற இடத்துக்கு வந்தபோது, ஒருத்தருமில்லை என்றார் தகப்பன். தாய் எழுந்து அடுப்படிக்குள் போனார். அவள் அப்படியே எழுதினாள்.

அதிபரும் சிக்னேயின் தாயும் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லையும் விடவில்லை. கடைசி வசனத்தில் குரல் உடைந்ததால் அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

சிக்னேயின் தாய் மகளின் கையைக் கீழே விட்டார். பிறகு கஜந்தினியின் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

"தங்கச்சியின்ர பேர் என்ன எண்டு கேக்கிறா" என்றாள் அவள்.

பிள்ளை திறந்திருந்த கதவைப் பார்த்தது. திரும்பி அவளைப் பார்த்தது.

"வீட்டில அந்தப் பேர் சொல்லுறேல்ல, அன்ரி. இஞ்ச சொல்லலாமோ?"

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.