அடைபட்ட சன்னல்

"அந்த ஏர்கானைக் கழட்டுங்க தம்பி. சன்னலையே அடைச்சு வெச்சிருக்கீங்க."

சிராங்கூன் ரோட்டிலிருந்து வந்து தங்கியிருந்த அல்போன்சம்மாள் மறுபடியும் வரவேற்பு மேசைக்கு வந்துவிட்டாள். பின்னால் கணவர் இயேசுதாசன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

பழைய கன்னியர் மடத்தை ஓய்வு விடுதியாக மாற்றியதிலிருந்து மேனேஜர் மருதப்பன் எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறார். உப்பில்லாத சூப்புக்குச் சண்டை போட்டவர்கள் உண்டு. சிங்கப்பூர் வெயிலில் குளிரூட்டும் ஏர்கான் வேண்டாம் என்று சண்டைக்கு வந்தவள் இவள்தான்.

"பக்கத்து ரூம்ல சன்னல் இருக்கு மேடம். மாத்தித் தர்றேன்."

"அந்த ரூமை யார் கேட்டா? எனக்கு இந்தச் சன்னல்தான் திறக்கணும்."

"வெளியே வெறும் சந்துதான் லா. பார்க்க என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? பொட்டியை வெச்சு மூடிட்டு, பேச்சைப் பாரு."

மருதப்பனுக்கும் சுள்ளென்று வந்துவிட்டது. "மேடம், இங்க இருந்த சிஸ்டருங்க சன்னல் வேணும்னு சண்டையா போட்டாங்க? அடக்கமா இருந்தாங்க. ஒருத்தர்கூட வாசப்படி தாண்டினதில்லை."

"அந்த ரூம்ல சிஸ்டரா இருந்தவளே நான்தான். வாசப்படி தாண்டலை, உண்மைதான். வாசலைத்தான் பூட்டி வெச்சிருப்பாங்களே. நான் அந்தச் சன்னலைத் தாண்டித்தான் போனேன்."

இயேசுதாசன் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"சந்துல என்ன இருக்குன்னு கேட்டீங்களே தம்பி. அன்னைக்கு ரொட்டி விக்கிற சைக்கிளோட நான் நின்னுக்கிட்டிருந்தேன்."