பத்து நிமிட அதிகாரி

“அழுகை பத்தல சார்” என்று கிசுகிசுத்தார் டாக்டர் அருண்குமார். “போன பேட்ச்ல வந்த அம்மா தரையில பொரண்டு அழுதுச்சாம்.”

“பொரண்டா ஓவர் ஆக்டிங்னு நீங்கதான் மார்க்கக் கொறைப்பீங்க” என்றார் பயிற்சியாளர் சார்லஸ்.

சிதம்பரத்தில் ஓர் ஓட்டலின் ஏ.சி. அரங்கம். அரசு மருத்துவர்களுக்கான சுகாதாரக் கொள்கை, தலைமைப் பண்புப் பயிற்சியின் கடைசி நாள். மருத்துவர்களில் ஒருவர் துணை இயக்குநராக உட்கார வேண்டும். கடலூர் நாடகக் குழு அனுப்பும் ஆள் மனுதாரராக வந்து குறை சொல்வார். மற்றவர்கள் மதிப்பெண் போடுவார்கள்.

இன்று துணை இயக்குநர் நாற்காலி இளமதிக்கு. பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அவள்தான் ஒரே டாக்டர். எது கேட்டு யார் வந்தாலும் “மேல எழுதியிருக்கேன்” என்று சொல்லி அனுப்புவாள். பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவள் மேஜைக்கு யாரும் வரவில்லை. அவளும் யாரையும் கூப்பிடவில்லை.

சற்றுமுன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், “ஆசுபத்திரி ஆபீசருங்கல்லாம் வந்திருக்காங்களாமே, இங்க பெரிய ஆபீசரு யாருங்க?” என்று கேட்டாள். சார்லஸ் சிரித்தபடி இளமதியைக் காட்டினார். “அவுங்கதாம்மா. உங்க கொறையச் சொல்லுங்க.”

அப்போதிருந்து பேசிக்கொண்டிருக்கிறாள். பெயர் அமிர்தம், பிச்சாவரம் பக்கம், மீன் விற்கிறவள். புருஷன் இல்லை. ஊர்ச் சுகாதார நிலையத்தை இருட்டுவதற்குள் பூட்டிவிடுகிறார்கள்.

“எம்பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சிம்மா. போன தபா ராத்திரில வலி எடுத்துச்சி. இங்க இட்டுகினு வர்றதுக்குள்ள ஆட்டோலயே கொழந்த போயிடுச்சி. அவள வுட்டா எனக்கு ஆளு கெடையாது.”

பத்து நிமிடம் முடிந்ததற்கான மணி அடித்தது. அமிர்தம் நிறுத்தவில்லை.

“கடலூர்ல எங்க நாத்தனார் வூட்டுக்கு அனுப்பலாம்னா, என்ன வேணாம்னு சொன்னவங்க வூட்டுல போயி கெடக்கமாட்டேங்கிறா. நாளைக்கி எப்படியாவது வண்டி ஏத்திவுடணும். ராத்திரிக்கு ஒரு நர்ஸு இருந்தா, எங்கூடவே வச்சிக்குவேன்.”

இளமதி வாயெடுத்தாள். மேல எழுதியிருக்கேன் என்று வரவேண்டிய இடம். இந்த நாற்காலிக்கு மேலே எழுத வேண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுந்து போய் அமிர்தத்தின் கையைப் பிடித்தாள். “நாளையிலேர்ந்து உங்க ஊருல ராத்திரி நர்ஸ் இருப்பாங்கம்மா. நான் ஆர்டர் போடறேன்.”

“நெஜமாவாம்மா?”

“என்னை நம்புங்க.”

அமிர்தம் மடியிலிருந்து போனை எடுத்தாள்.

“பொன்னி, நாளைக்கி நீ கடலூருக்குப் போவ வேணாம்டி. நம்ம ஊருலயே ராத்திரி நர்ஸம்மா இருக்கப்போவுது. பெரிய ஆபீசரே கையப் புடிச்சிச் சொல்லிட்டாங்க. துணிப் பையப் பிரிச்சி வச்சிடு.”

அரங்கமே கைதட்டியது. அமிர்தம் திடுக்கிட்டு, பிறகு எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

“போன் போடற சீன் நான் குழுகிட்ட சொல்லவேயில்ல. சொந்தச் சரக்கு” என்றார் சார்லஸ். “டீ சாப்ட்டுப் போங்கம்மா.”

“இல்லீங்க, புள்ள தனியா கெடக்கு” என்று போய்விட்டாள்.

இளமதிக்கு முழு மதிப்பெண். “கலக்கிட்டீங்க மேடம். நானா இருந்தா கமிட்டி போடறேன்னு சொல்லியிருப்பேன்” என்று அருண்குமார் டீயோடு அவளிடம் வந்தார். இன்னும் இரண்டு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அவள் மேஜையில் முதல் தடவையாகக் கூட்டம் சேர்ந்தது.

கதவு திறந்தது. முகத்துப் பவுடர் வியர்வையில் திட்டுத் திட்டாகக் கலைந்த ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள்.

“சாரி சார், பஸ்ஸு பஞ்சராயிடுச்சி. நாடகக் குழுவுலேர்ந்து என்னைத்தான் அனுப்புனாங்க.”