சுவரோரம் போன சோபா

"யாரைக் கேட்டுடி என் சோபாவை நகர்த்தின?"

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை டீச்சர். வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டாள்.

மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போனவள், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் முன்னதாகவே திரும்பியிருந்தாள். அவள் இல்லாத நாட்களில் வீட்டையும், பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவள் கணவரையும் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்திருந்தாள். பார்த்துக்கொள்ளத்தான் சொன்னது. புரட்டிப் போடவா சொன்னது?

"முதல்ல உக்காருங்க அண்ணி. டீ போடறேன்."

"எங்கடி உக்கார்றது? இது வீடா, ஆஸ்பத்திரி வராண்டாவா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. சோபா, நாற்காலி, ஸ்டூல் எல்லாம் வாசல் கதவிலிருந்து உள்ரூம் வரை சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. நடு ஹால் மொட்டையாகக் கிடந்தது.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "செலவே இல்லாம வீட்டை இதமா மாத்தலாம்னு போன்ல பார்த்தேன் அண்ணி. இருக்கிற சாமானையே இடம் மாத்தி வச்சாப் போதுமாம்."

"இதமா? இதுக்குப் பேரு இதமா? என் கார்ப்பெட் எங்க?"

"பரண் மேல."

"டீப்பாய்?"

"பால்கனியில."

"என் மஞ்சள் விளக்கு?"

"அலமாரிக்குள்ள."

மேலே பார்த்தாள் டீச்சர். படுக்கையறை டியூப் லைட்டும் ஹாலுக்கு வந்து, இரண்டுமாகச் சேர்ந்து கண்ணைப் பறித்தன. கதவு விளிம்புகளில் ஏதோ சிவப்புப் பட்டி. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தாள்.

"அடிப்பாவி! என் மேஜைவிரிப்பைக் கிழிச்சிருக்கே!"

"பழசுதானே அண்ணி..."

"பழசா இருந்தா உன் இஷ்டத்துக்குக் கிழிப்பியா? நானும் இந்த வீட்டுல பழசுதான். என்னையும் கிழிச்சுத் தொங்க விடு!"

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. மாடிக்கு மாடி ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி ஹால் உள்ள கட்டிடம் அது. அதில் தன் வீட்டை மட்டும் தன் வீடாக ஆக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சோபாவை நடு ஹாலில் எதிரெதிராகப் போட்டதே, சாயங்காலம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி டீ குடிக்கத்தான். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்திவிட்டு வருகிறவளுக்கு அந்த ஒரு டீதான் சுகம். அதைப் பிடுங்க இவள் யார்?

"பிடி அந்தப் பக்கம். எல்லாம் பழைய இடத்துக்குப் போகணும்."

"அண்ணி, அண்ணன் வர்ற நேரம்தான். அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"என் சோபாவை நகர்த்த உங்க அண்ணனுக்கு நான் மனு போடணுமா?"

"அதுக்கில்ல. அவருக்கு இது சௌகரியமா இருக்கு. ஏன்னு அவரே உங்ககிட்ட சொல்லுவார். நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்."

"ஓஹோ! ரகசியம் வேறயா? நான் அந்தப் பக்கம் போனதும் அண்ணனும் தங்கச்சியும் கூட்டு சேர்ந்து என்னை வெளியாளா ஆக்கிட்டீங்க. நல்லா இருங்க!"

அதற்குப் பிறகு அவளை யார் தடுக்க முடியும்? தனி ஆளாகச் சோபாவை இழுத்தாள். பரணில் ஏறினாள். கார்ப்பெட் விரிந்தது. டீப்பாய் நடுவே வந்து உட்கார்ந்தது. சிவப்புப் பட்டிகளைப் பிய்த்துக் குப்பையில் போட்டாள். கடைசியாக மஞ்சள் விளக்கை மூலையில் வைத்துப் போட்டுவிட்டு, டியூப் லைட் சுவிட்சில் கை வைத்தாள்.

"லைட்டை மட்டுமாவது விட்டு வைங்க அண்ணி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

பட்டென்று அணைத்தாள் டீச்சர்.

நாத்தனார் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

"போ, போ. அண்ணன்கிட்ட என்னென்ன மூட்டி விடணுமோ மூட்டி விடு. நானும் இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்காம விடறதில்ல."

ஹாலை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். மஞ்சள் வெளிச்சத்தில் வீடு மறுபடி வீடாக இருந்தது. மூச்சு இறங்கியது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

லிப்ட் நின்ற சத்தம் கேட்டது. தங்கை படியில் இறங்க, அண்ணன் லிப்டில் ஏறி வந்துவிட்டார் போலிருக்கிறது.

டீச்சர் நடு ஹாலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். தானாகப் பேசுவதில்லை என்று வைராக்கியம். அவரே முதலில் பேசட்டும். எப்போ வந்தே, குழந்தை எப்படி இருக்குன்னு அவர் வாயால் கேட்கட்டும். அப்புறம் இருக்கிறது கச்சேரி.

அவர் உள்ளே வந்தார். இடது கையைச் சுவர்ப் பக்கம் நீட்டினார். அங்கே சோபா இல்லை. கை வெறுமனே துழாவியது. இன்னும் ஓரடி வைத்தார். கார்ப்பெட் விளிம்பு தடுக்கி, டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டு நின்றார்.

வலியோடு நிமிர்ந்தார். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றார் பதற்றத்தோடு. "சாயங்காலமானா எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. வீடு மாறி வந்துட்டேன்."