தாய் கொடுத்த பேட்டி

துணி ஆலை எரிந்த மறுநாள், அதில் மகனைப் பறிகொடுத்த தாய் முதலாளியை மன்னித்துவிட்டதாக நாளிதழின் முதல் பக்கத்தில் பேட்டி வந்தது. உண்மையில் அந்தத் தாயும் மகனோடு கருகிப் போயிருந்தாள். உடலை அடையாளம் காட்டியவள் அதே தெருக்காரி. அந்த நாளிதழில்தான் மெய்ப்புத் திருத்துகிறாள். பேட்டி அச்சுக்குப் போகும் முன்பே அவள் சொல்லியும் ஆசிரியர் கேட்கவில்லை.

"முதலாளி விளம்பரத்தை நிறுத்திட்டா சம்பளத்துக்கு எங்கம்மா போவ?" என்று பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார்.

பேட்டி வெளியான அன்று மதியம் அவள் மாடிப்படியில் நின்று, பத்திரிகைகளின் தில்லுமுல்லுகளை எழுதும் வெளி நிருபர் ஒருவரைப் போனில் அழைத்தாள்.

"என் பேரு வெளிய வரக்கூடாது சார். அந்தப் பேட்டி பொய்."

"வராதும்மா. அந்தப் பையனோட அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. காலையிலேருந்து என் எதிர்லதான் உட்கார்ந்திருக்காங்க."

"சார், அவங்க செத்துட்டாங்க. நானே உடம்பைப் பார்த்தேன்."

"இருங்க, அவங்களே உங்ககிட்ட பேசணுமாம்."

போன் கைமாறியது. முதலில் நீண்ட இருமல். பிறகு தினமும் தெருக்குழாயடியில் கேட்ட குரல்.

"தங்கச்சி, 'மன்னித்து'ங்கிறதுல மூணுசுழி ண போட்டிருந்தாங்களாமே. அதை ரெண்டுசுழியாத் திருத்தினது நீயா?"

"ஆமாக்கா."

"நல்லா இரு," என்றுவிட்டு அந்தக் குரல் மறுபடியும் இருமத் தொடங்கியது.